வாய்க்குள் வெள்ளைத் திட்டு: "போயில போடல, வெறும் வெத்தில பாக்குதான்" என்கிறார் அம்மா

#1 தக்கலை_மகள்

வணக்கம். இத்தனை நாள் இங்க படிச்சிட்டு மட்டும் இருந்தேன். இப்ப எழுத வேண்டிய நிலைமை.

அம்மைக்கு 61 வயசு. எனக்கு விவரம் தெரிஞ்ச நாள் முதலா வெத்தில போடுறாங்க. முதல் பிரசவத்துக்கு அப்புறம் வீட்டுப் பெரியவங்க பழக்கி விட்டதாம். போயில தொட்டதே இல்ல. வெத்தில, பாக்கு, சுண்ணாம்பு, அவ்வளவுதான். ராத்திரி ஒரு உருண்டைய இடது கன்னத்துல ஒதுக்கிட்டுத்தான் தூங்குவாங்க.

பொங்கலுக்கு ஊருக்குப் போனப்ப மீன் குழம்பு பக்கமே வரல. மோரும் சோறும் மட்டும் சாப்பிட்டாங்க. கேட்டா, "காரம் பட்டா எரியுது பிள்ளே"ன்னாங்க. வாயத் திறக்கச் சொல்லி போன் டார்ச் அடிச்சுப் பாத்தேன். இடது கன்னத்து உள்பக்கம், உருண்டை ஒதுக்குற அதே எடத்துல, கட்டைவிரல் நகம் அளவுக்கு வெள்ளையா ஒரு திட்டு. பால் ஏடு ஒட்டின மாதிரி. ஈரத்துணியால தொடச்சுப் பாத்தேன், போகல. ஓரத்துல ஒரு சிவப்பு. வாயும் முழுசா திறக்க முடியல.

பக்கத்து கிளினிக்ல காட்டி ரெண்டு மாசம் ஆச்சாம். வைட்டமின் குறைவுன்னு மாத்திரையும் பூசுற மருந்தும் குடுத்திருக்காங்க. கன்னத்த விரலால விலக்கிக்கூடப் பாக்கலையாம். "வலிக்கவே இல்ல, இதுக்கு எதுக்கு பெரிய ஆஸ்பத்திரி"ன்னு அம்மை சொல்றாங்க.

எனக்குத் தெரிய வேண்டியது ரெண்டு. போயில இல்லாம வெறும் பாக்குக்கு புத்துநோய் வருமா? சதை எடுத்து டெஸ்ட் பண்ணினா பரவிடும்னு சித்தி பயமுறுத்துறாங்க, அது உண்மையா?

#2 கரிசல்_காட்டான்

பயப்படாதீங்கம்மா. தாம்பூலம் நம்ம முன்னோர் ஆயிரம் வருசமா போட்டது. எங்க அப்பத்தா இடிஉரல்ல தட்டித் தட்டி 90 வயசு வரைக்கும் போட்டுச்சு, ஒன்னும் ஆகல. சுண்ணாம்புல கால்சியம் இருக்கு, வெத்தலை செரிமானத்துக்கு நல்லது. கெடுதல் எல்லாம் இந்தப் பாக்கெட் சமாச்சாரத்தால வந்தது. சுண்ணாம்பு கூடிப் போயி வாய் வெந்திருக்கும். நல்லெண்ணெய் கொப்புளிக்கச் சொல்லுங்க.

#3 சேலம்_பல்வைத்தியர்

தக்கலை மகளுக்கு: எண்ணெய் கொப்புளித்துக் காத்திருக்க வேண்டாம். இந்த வாரமே அழைத்துப் போங்கள். நான் வாய்நோய்ப் பிரிவில் பணிபுரிகிறேன், இதைத் தினமும் பார்க்கிறேன்.

வலிக்காததுதான் இந்த நோயின் மோசமான குணம். வெள்ளைத் திட்டு வலிக்காது. புண்ணாகிச் சதைக்குள் இறங்கிய பிறகுதான் வலி வரும். துடைத்தால் போகாத திட்டு, ஓரத்தில் சிவப்பு, காரம் பட்டால் எரிச்சல், வாய் திறப்பு குறைவு. நான்கும் ஒரே வாயில் இருந்தால் வைட்டமின் மாத்திரை கொடுத்து அனுப்பக் கூடாது. வெள்ளையைவிட எனக்குக் கவலை தருவது அந்தச் சிவப்பு ஓரம்.

இப்போது ஒன்று செய்து பாருங்கள். அம்மாவின் ஆள்காட்டி, நடு, மோதிர விரல்கள் மூன்றையும் சேர்த்துச் செங்குத்தாக மேல் பல்லுக்கும் கீழ்ப் பல்லுக்கும் நடுவே வைக்கச் சொல்லுங்கள். மூன்றும் நுழைய வேண்டும். எத்தனை நுழைகிறது என்று எழுதுங்கள்.

முதல் கேள்விக்குப் பதில்: வரும். லியோனில் உள்ள உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, புகையிலை சேர்த்த வெற்றிலைதான் புற்றுநோய் தரும் என்று 1985இல் முடிவு செய்தது. அப்போது பாக்கைப் பற்றித் தனியாகத் தீர்ப்பு சொல்லப் போதிய சான்று இல்லை. 2004இல் வெளியிட்ட தொகுப்பில் புகையிலை சேராத வெற்றிலைப்பாக்கும், பாக்கு தனியாகவுமே முதல் வகுப்புப் பட்டியலில், அதாவது மனிதருக்குப் புற்று தருவது உறுதி என்ற பட்டியலில், ஏறிவிட்டன. புகையிலை இருக்கும் அதே பட்டியல். தைவானில் பாக்கோடு புகையிலை சேர்க்கும் வழக்கமே பெரும்பாலும் கிடையாது. ஆனாலும் அங்கே வாய்ப்புற்று ஆண்களை வாட்டும் பெரிய நோய்களில் ஒன்று.

இரண்டாவது: சதைப் பரிசோதனையால் பரவாது. பரிசோதிக்காமல் விட்ட நோய்தான் பரவும். மரத்துப்போக ஊசி போட்டு, உளுந்து அளவுக்கு எடுத்து, இரண்டு தையல். அன்றைக்கே வீட்டுக்குப் போகலாம். எந்த இடத்தில் எடுப்பது என்பது முக்கியம், சிவந்த பகுதியையும் சேர்த்து எடுக்க வேண்டும். அரசு பல் மருத்துவக் கல்லூரியிலோ புற்றுநோய் மையத்திலோ செய்துகொள்ளுங்கள்.

#4 தக்கலை_மகள்

நன்றி டாக்டர். அம்மைக்கு ரெண்டு விரல்தான் போகுது. மூணாவது விரல் வைக்கப் போனா கன்னம் ரெண்டும் வார் மாதிரி இழுத்துப் பிடிக்குது. தொட்டுப் பாத்தேன், உள்ள நரம்பு நரம்பா கெட்டியா இருக்கு.

#5 சேலம்_பல்வைத்தியர்

நீங்கள் தொட்டது நரம்பு அல்ல, நார்த்திசு. அது தனி நோய். கன்னத்தின் தோலுக்கு அடியில் நார் படிந்து இறுகுவது. கென்யாவில் வாழ்ந்த இந்தியப் பெண்கள் ஐந்து பேரிடம் கண்டதை ஷ்வார்ட்ஸ் என்ற மருத்துவர் 1952இல் முதலில் எழுதினார். அடுத்த வருடமே பம்பாயிலிருந்து ஜோஷி எழுதினார். காரணம் பாக்குதான், போயில இல்லை. பாக்கில் உள்ள அரெக்கோலின் நார் உண்டாக்கும் செல்களைத் தூண்டுகிறது. பாக்கில் செம்புச் சத்து அதிகம், அது அந்த நார்களை ஒன்றோடொன்று பிணைக்கும் நொதியை முடுக்கிவிடுகிறது. விளைந்த நாரை உடம்பால் கரைக்க முடிவதில்லை. அதனால்தான் நிறுத்திய பிறகும் வாய் தானாகத் திறந்துகொள்வதில்லை.

எர்ணாகுளம் மாவட்டத்தில் இந்நோய் உள்ள 66 பேரை டாடா ஆராய்ச்சி நிறுவனத்தார் 17 வருடம் விடாமல் பின்தொடர்ந்தார்கள். 7.6 சதவீதம் பேருக்கு, அதாவது ஐந்து பேருக்கு, புற்று வந்தது. எல்லோருக்கும் வராது என்பதற்காகவும் இதைச் சொல்கிறேன். பயந்து வீட்டுக்குள் உட்கார்ந்துகொள்ள வேண்டியதில்லை.

வீட்டில் வேறு யாராவது பாக்கு போடுகிறார்களா?

#6 தக்கலை_மகள்

தம்பி. டெம்போ ஓட்டுறான். ராத்திரி ஓட்டம்னா தூக்கம் வராம இருக்க பாக்கெட் பாக்கு போடுவான். 29 வயசு.

#7 பழைய_ஏடுகள்

தக்கலை என்று பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. தக்கலைக்குப் பக்கத்திலேயே நெய்யூர். வெற்றிலை போடுபவர்களுக்கு வரும் வாய்ப்புற்றைப் பற்றி உலகம் படித்த முக்கியமான பழைய கட்டுரைகளில் ஒன்று அந்த நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரி அனுபவத்திலிருந்து வந்தது. எழுதியவர் ஆர் என்ற மருத்துவர், வெளிவந்தது 1933இல் லான்செட் இதழில். அப்போது அது திருவிதாங்கூர் சீமை, 1956இல் தமிழ்நாட்டோடு சேர்ந்த கன்னியாகுமரி மாவட்டம். எவரெஸ்ட் ஏறப் போன சோமர்வெல் என்ற அறுவை மருத்துவரும் அதே நெய்யூரில்தான் வருடக்கணக்காக உழைத்தார்.

அதற்கும் முன்னால் 1902இல் சென்னைப் பொது மருத்துவமனையின் நிப்லாக் வாய்ப்புற்றையும் வெற்றிலை மெல்லுவதையும் சேர்த்துப் பேசியிருக்கிறார். அடையாறு புற்றுநோய் மருத்துவமனை 1954இல் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் பிறந்தது. ஐந்தே வருடத்தில், 1959இல், சாந்தாவும் கிருஷ்ணமூர்த்தியும் வாய்ப்புற்றின் காரணங்களைப் பற்றிப் பிரிட்டிஷ் ஆய்விதழில் எழுதினார்கள். மருந்தையும் கதிரையும் சேர்த்துக் கொடுக்கும் சிகிச்சையை வாய்ப்புற்றில் அவர்கள் செய்து பார்த்தது எழுபதுகளிலேயே.

நூறு வருடத்துக்கு மேலாக, நம் ஊர் வாய்களைப் பார்த்தே எழுதப்பட்ட விஷயம் இது. அதே நெய்யூருக்குப் பக்கத்தில் ஓர் அம்மாவுக்கு இன்றைக்கும் வைட்டமின் மாத்திரை கொடுக்கிறார்கள் என்று படிக்கும்போது மனசு பொறுக்கவில்லை.

#8 கரிசல்_காட்டான்

டாக்டர் சார், நான் ஏட்டிக்குப் போட்டியா கேக்கல. எங்க வீட்லயும் ஆள் இருக்கு, அதனால கேக்கிறேன். அப்ப வெத்தலையே விஷமா? கல்யாணத்துல தாம்பூலம் குடுக்கிறதையும் விட்டுடணுமா?

#9 சேலம்_பல்வைத்தியர்

நல்ல கேள்வி ஐயா. வெற்றிலை இலையின் மேல் குற்றமில்லை. குற்றம் பாக்கின் மேல், போயிலையின் மேல். சுண்ணாம்பு இரண்டுக்கும் துணைபோகிறது. வாய்க்குக் காரத்தன்மை (அமிலத்துக்கு எதிரானது, மிளகாய்க் காரம் அல்ல) ஏற்றி, பாக்கிலிருந்து செல்லைச் சிதைக்கும் பொருட்களை வெளிவரச் செய்கிறது, தோலையும் அரிக்கிறது. கல்யாணத்தில் தட்டில் வைத்துக் கொடுப்பது மரியாதை, அதை யாரும் தடுக்கவில்லை. தினம் எட்டுப் பத்து முறை போட்டு, கன்னத்தில் அடக்கிக்கொண்டு தூங்குவதுதான் கொல்கிறது. தூக்கத்தில் எச்சில் குறைவாக ஊறும், விழுங்குவதும் குறைவு. சாறு ஒரே இடத்தில் இரவெல்லாம் ஊறிக்கொண்டிருக்கும். ஆசிய நாடுகளில் ஆராய்ந்து ஹிரயாமா 1966இல் எழுதியதிலேயே தூங்கும்போதும் வாயில் வைத்திருப்பவர்களுக்குத்தான் ஆபத்து மிக அதிகம் என்று வந்திருக்கிறது.

உங்கள் அப்பத்தா நீண்ட நாள் வாழ்ந்தது சந்தோஷம். நூறு பேரில் பலருக்கு வராது. ஆனால் வந்தவர்கள் எங்கள் வார்டில் இருக்கிறார்கள், அவர்கள் வீட்டுக் கதையை யாரும் பெருமையாகச் சொல்வதில்லை.

#10 ஹட்டன்_தேயிலை

மலையகத்திலிருந்து எழுதுகிறேன். எங்கள் தோட்டத்து லயங்களில் வெத்திலைப் பொட்டலம் இல்லாத இடுப்பு இல்லை. பனியிலும் மழையிலும் கொழுந்து எடுக்கப் போகும் பெண்களுக்கு அது வாய்க்குச் சூடு. பசி தெரியாது, அதுவும் ஒரு காரணம். என் பெரியம்மா இதில்தான் போனார். கண்டிக்குக் கொண்டுபோகும்போது கழுத்தில் கட்டி எலுமிச்சை அளவு.

எண்பதுகளில் இலங்கையில் ஒரு நல்ல வேலை நடந்தது. வர்ணகுலசூரிய என்ற பேராசிரியரும் குழுவும் ஊர்ச் சுகாதாரப் பணியாளர்கள் 34 பேருக்குச் சில நாள் பயிற்சி கொடுத்து, வாய் பார்ப்பதையும் அவர்கள் அன்றாட வேலையில் சேர்த்தார்கள். ஒரு வருடத்தில் 28,000 பேருக்கு மேல் பார்த்து, 1,220 பேரை மேற்பரிசோதனைக்கு அனுப்பினார்கள். பணியாளர் சொன்னது பெரும்பாலும் சரியாகவே இருந்தது. சிக்கல் எங்கே வந்தது தெரியுமா? அனுப்பியவர்களில் பெரிய பங்கு ஆஸ்பத்திரிக்கு வந்து சேரவே இல்லை. ஒருநாள் சம்பளம் போகும், பஸ் காசு வேண்டும், கூட வர ஆள் வேண்டும். எனக்கு அந்த ஆய்வில் மறக்க முடியாத செய்தி இதுதான்.

#11 எண்ணும்_எழுத்தும்

நான் புள்ளியியல் படித்தவன். வாய் பார்த்தால் உயிர் பிழைக்கும் என்பதற்கு உறுதியான ஆதாரம் உண்டா என்று கேட்பவர்கள் உண்டு. சரியான கேள்விதான். சீக்கிரம் கண்டுபிடித்தால் "ஐந்து வருடம் வாழ்ந்தார்" என்ற கணக்கு தானாகவே கூடித் தெரியும். கடிகாரத்தை முன்னாலேயே ஓட விட்டுவிட்டோம் அல்லவா? அதனால் சாவு எண்ணிக்கையை ஒப்பிட வேண்டும். அதுவும் சீட்டுக் குலுக்கிப் பிரித்த இரண்டு கூட்டங்களில்.

அப்படி ஒன்று நடந்திருக்கிறது, அதுவும் நமக்குப் பக்கத்தில். திருவனந்தபுரம் மாவட்டத்தில் 13 பஞ்சாயத்துகள். 1996இல் தொடக்கம். ஏழு பஞ்சாயத்துகளில் 35 வயதுக்கு மேற்பட்ட ஏறக்குறைய 96,500 பேருக்கு வீடு தேடிப் போய் வாய் பார்த்தார்கள், ஆறு பஞ்சாயத்துகளில் 95,000 சொச்சம் பேர் வழக்கமான மருத்துவத்தோடு. பார்த்தவர்கள் டாக்டர்கள் அல்ல. மருத்துவம் படிக்காத பட்டதாரிகள், பயிற்சி பெற்றவர்கள். கையில் டார்ச், அவ்வளவுதான். சங்கரநாராயணன் தலைமையில் எழுதிய முடிவு 2005இல் லான்செட்டில் வந்தது. வாய்ப்புற்றால் இறந்தவர்கள் வாய் பார்த்த பக்கம் 77, பார்க்காத பக்கம் 87.

இந்த வித்தியாசம் மொத்த மக்களையும் எடுத்தால் தற்செயலாகவும் வந்திருக்கலாம். அதை மறைக்கக் கூடாது. ஆனால் புகையிலை அல்லது மது பழக்கம் உள்ளவர்களை மட்டும் எடுத்தால் சாவு 34 சதவீதம் குறைவு, அது தற்செயல் அல்ல. 15 வருடப் பின்தொடர்தல் 2013இல் வந்தது. நான்கு சுற்றும் தவறாமல் வாய் காட்டிய பழக்கமுள்ளவர்களில் சாவு 81 சதவீதம் குறைவு. இதையும் நிதானமாகப் படிக்க வேண்டும். நான்கு முறையும் காட்டுபவர் பொதுவாகவே உடம்பைக் கவனிப்பவராக இருப்பார், அதன் பங்கும் இதில் உண்டு. அப்படிக் கழித்தாலும் மிச்சம் பெரிதுதான்.

ஹட்டன் நண்பர் சொன்ன அதே ஓட்டை இங்கேயும். சந்தேகம் என்று அனுப்பிய 5,145 பேரில் போனவர்கள் 3,218. மூன்றில் ஒருவருக்கு மேல் போகவில்லை. கேரளத்திலேயே இப்படி.

#12 சேலம்_பல்வைத்தியர்

நன்றி, இவ்வளவு நேர்மையாக யாரும் எடுத்துச் சொல்லி நான் பார்க்கவில்லை. என் பக்கத்திலிருந்து ஒன்று. வயிற்றுக்குள், நுரையீரலுக்குள் இருக்கும் புற்றைப் பார்க்க இயந்திரம் வேண்டும். வாய்க்குள் உள்ளதை ஒரு டார்ச்சும் பழகிய கண்ணும் பார்க்கும். பல வருடம் முன்பே திட்டாக நின்று காட்டுகிறது. அப்படியிருந்தும் எங்களிடம் வருபவர்களில் பலர் கழுத்துக் கட்டியோடு வருகிறார்கள். 2020 கணக்கின்படி இந்தியாவில் ஒரு வருடத்தில் புதிதாக 1,35,000க்கு மேற்பட்டோருக்கு உதடு, வாய்ப்புற்று. இறந்தவர்கள் 75,000க்கு மேல். இதில் பெரும்பகுதி காலையில் பல் தேய்க்கும்போது யாராவது விரலால் விலக்கிப் பார்த்திருக்கலாம் என்ற நிலையில் இருந்தவை.

#13 ஈரோட்டு_மாதவன்

அப்பாவுக்கு 2016ல கீழ்த்தாடை பக்கம் வந்தது. ஆபரேசன், அப்புறம் 30 நாள் கரன்ட் (கதிர் சிகிச்சை) வச்சாங்க. நல்லா இருந்தார். நாலு வருசம் கழிச்சு ஒரு பல் ஆடுதுன்னு தெருமுனைல ஒரு பல் கிளினிக்ல போய் புடுங்கிட்டு வந்துட்டார். கரன்ட் வச்ச தாடைன்னு அவரும் சொல்லல, அவங்களும் கேக்கல. புண்ணு ஆறவே இல்ல. ரெண்டாவது மாசம் எலும்பு வெளிய தெரிய ஆரம்பிச்சுது, மஞ்சளா, ஓடு மாதிரி. நாத்தம். கரன்ட் பட்ட எலும்புக்கு ரத்த ஓட்டம் செத்துப் போயிடும், பல் புடுங்கினா குழி மூடாதுன்னு அப்பறம்தான் விளங்குச்சு.

கடைசில அந்தப் பக்கத் தாடை எலும்பையே எடுத்துட்டு, கால்ல இருந்து எலும்பு எடுத்து வச்சாங்க. முழங்காலுக்குக் கீழ ரெண்டு எலும்பு இருக்கில்ல, வெளிப்பக்கம் இருக்கிற ஒல்லி எலும்பு. ரத்தக்குழாயோட எடுத்து, துண்டு துண்டா வெட்டி தாடை வளைவுக்குத் தோதா பிளேட் போட்டு, கழுத்து ரத்தக்குழாயோட சேத்து தைச்சாங்க. பத்து மணிநேரம். இப்ப நடக்கிறார், பேசுறார், இட்லிய பிசைஞ்சு சாப்பிடுறார்.

யாராவது இதைப் படிச்சா: கரன்ட் வைக்கிறதுக்கு முன்னாடியே பல் டாக்டர்கிட்ட காட்டி, கெட்ட பல்லை எல்லாம் எடுத்து, புண்ணு ஆறின பிறகு ஆரம்பிங்க. அதுக்கப்புறம் வாழ்நாள் பூராவும் எந்தப் பல் டாக்டர்கிட்ட போனாலும் முதல் வார்த்தையா கரன்ட் வச்சதைச் சொல்லுங்க. எங்களுக்கு இதை யாரும் சொல்லல.

#14 சேலம்_பல்வைத்தியர்

மாதவன் எழுதியது ஒவ்வொரு வரியும் சரி. அப்பாவுக்கு எச்சில் வறட்சி இருக்கும், ஃபுளோரைடு பூச்சு தவறாமல் போடுங்கள்.

#15 மாலதி_நர்ஸ்

நான் புற்றுநோய் வார்டில் 14 வருடம். திட்டு புற்றாகவே இருந்துவிட்டாலும் கதை முடிந்தது என்று யாரும் நினைக்க வேண்டாம். கழுத்து நெறிகட்டியை முன்னாலேயே எடுப்பதா, வந்த பிறகு எடுப்பதா என்று உலகமே ஐம்பது வருடம் சண்டை போட்டது. தீர்த்து வைத்தது மும்பை டாடா நினைவு மருத்துவமனை. டி'குரூஸ் குழு 2015இல் எழுதியது. முன்னாலேயே எடுத்தவர்களில் மூன்று வருடத்தில் 80 சதவீதம் பேர் உயிரோடு, காத்திருந்தவர்களில் 67.5. அதே ஆஸ்பத்திரியில்தான் முற்றிய நோய்க்கு, நிவோலுமாப் என்ற விலை கூடிய மருந்தை வழக்கமான அளவில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக, 20 மில்லிகிராம் மட்டும், மாத்திரைகளோடு சேர்த்துக் கொடுத்துப் பார்த்தார்கள். ஒரு வருடம் கடந்தவர்கள் 16 சதவீதத்திலிருந்து 43 சதவீதமாக உயர்ந்தார்கள். வீட்டை விற்று மருந்து வாங்கும் குடும்பங்களைப் பார்த்தவர்கள் மனதில்தான் இப்படி ஒரு கேள்வி பிறக்கும்.

அக்கா, அம்மாவை எப்போ கூட்டிட்டுப் போறீங்க?

#16 தக்கலை_மகள்

எல்லாருக்கும் பதில் எழுத பதினெட்டு நாள் ஆயிடுச்சு, மன்னிக்கணும்.

சித்தியையும் கூடவே கூட்டிட்டுப் போனேன், அதுதான் நல்லதா போச்சு. சதை எடுக்கிறப்ப சித்தியும் உள்ள இருந்தாங்க. கால்மணி நேரம்கூட ஆகல. ரிப்போர்ட் வந்திருக்கு. புத்துநோய் இல்ல. ஆனா மிதமான டிஸ்பிளேசியான்னு எழுதியிருக்கு, கூடவே நார் இறுக்கமும். செல்லு மாற ஆரம்பிச்சிருக்கு, இன்னும் அடியில இறங்கலைன்னு டாக்டரம்மா படம் போட்டு விளக்கினாங்க. அந்தத் திட்ட முழுசா எடுத்துடலாம்னு சொல்லி அடுத்த புதன்கிழமைக்கு நாள் குடுத்திருக்காங்க. எடுத்த பிறகும் மூணு மாசத்துக்கு ஒருக்க வந்தே ஆகணும்னு சொன்னாங்க, நான் கேக்கிறதுக்கு முன்னாடியே.

வாயத் திறக்கச் சொல்லி ஸ்கேல் வச்சு அளந்தாங்க, 26 மில்லிமீட்டர். ஐஸ் குச்சிய ஒன்னு மேல ஒன்னா அடுக்கிப் பல்லுக்கு நடுவுல வச்சு தினம் பயிற்சி. இப்ப 16 குச்சி போகுது, வாரத்துக்கு ஒரு குச்சி கூட்டணும்.

வெத்தில விட்டு ரெண்டு வாரம் ஆச்சு. முதல் நாலு நாள் தலைவலி, யாரப் பாத்தாலும் கோவம். ராத்திரிதான் ரொம்பக் கஷ்டம், கன்னத்துல ஒன்னும் இல்லாம தூக்கம் வரல பிள்ளேன்னு ஒரு நாள் அழுதாங்க. ஏலக்காய் ஒன்னு ஒதுக்கிக்கிறாங்க இப்ப.

#17 கரிசல்_காட்டான்

ரொம்ப சந்தோசம் தாயி. எண்ணெய் கொப்புளிக்கச் சொன்னதுக்கு மன்னிச்சிடு. எங்க வீட்டுக்காரிக்கு நேத்து விரல் வச்சுப் பாத்தேன், மூணும் போகுது. ஆனாலும் திங்கக்கிழமை காட்டப் போறோம்.

#18 சேலம்_பல்வைத்தியர்

இருவருக்கும் நன்றி. தக்கலை மகளே, ஏலக்காயையும் தூங்கும்போது வேண்டாம், புரையேறும். குச்சி எண்ணிக்கையை ஒரு நோட்டில் எழுதி மூன்றாம் மாதம் கொண்டுபோங்கள். தம்பி பார்த்துக்கொண்டாரா?

#19 தக்கலை_மகள்

இன்னைக்குத்தான் போன்ல செய்யச் சொன்னேன். டெம்போவ ஓரங்கட்டிட்டு விரல் வச்சுப் பாத்தான். கொஞ்ச நேரம் பேசவே இல்ல. அப்புறம், "அக்கா, மூணாவது விரல் பாதிதான் போகுது"ன்னான். ஞாயித்துக்கிழமை லோடு எறக்கிட்டு நேரா வீட்டுக்கு வர்றான். புதன்கிழமை அம்மையோட அவனுக்கும் ஒரு சீட்டு போடப் போறேன்.